ஒரு போர்வையைப் பழசாக்கினோம்

ஜூலை 6, ஞாயிறு

தாமரை, கார் முக்கு திரும்பற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டு இருந்தேன். பொறவு உள்ள வந்து ஃபேனைப் போட்டுட்டு இதை எழுத உக்காந்தேன். "மணிக்கொரு தடவை போன் பண்ணுனீங்கன்னா அம்மா என்னையத்தான் வைவா மாமா. பேச நினைக்கறதையெல்லாம் இதுல எழுதி வையுங்க, பாப்பாவோட வந்து படிக்கறேன்"னு சொல்லிட்டுப் போனயே, அதுக்காகத்தான்.

கம்பெனியில வருசப் பொறப்புக்குக் குடுத்த டைரி. முதல் பக்கத்துல என்னென்னமோ கேட்டிருக்கான். பேரு பூபதி. ஊரு திருப்பூர். தொழில் பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். ரத்த வகை தெரியல, அது உனக்குத்தான் தெரியும்.

கட்டுச்சோத்துல கொஞ்சம் மிச்சம் வச்சுட்டுப் போயிருக்கீங்க. புளிச்சோறு ராத்திரிக்கு ஆகும். வளையல் அடுக்கல, சொந்தக்காரங்களைக் கூப்பிடல, உங்கம்மா மட்டும் வந்து சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போனதுல பக்கத்து வீட்டு நாகரத்தினம் அக்காவுக்குத்தான் வருத்தம். இந்தத் தடவை இப்படியே இருக்கட்டும்னு அத்தை சொன்னாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. பயமெல்லாம் ஒண்ணுமில்ல.

ஜூலை 8, செவ்வாய்

இன்னிக்குக் கையும் ஓடல காலும் ஓடல, அவ்வளவு சந்தோசம். கேளு.

நேத்து அத்தைக்குப் போன் பண்ணி, பாப்பாவுக்கு ஒரு குட்டி மெத்தை எடுக்கலாம்னு இருக்கேன்னு சொன்னேன். "மாப்ள, பொறக்கறதுக்கு முன்னால ஒரு நூல் கூடப் புதுசா எடுக்கப்படாதுங்க. உங்களுக்குச் சொல்லித்தான் தெரியோணுமா?"ன்னாங்க. குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் சரிங்க அத்தைன்னு வச்சுட்டேன்.

இன்னிக்குக் கம்பெனியில சின்னக் குழந்தைங்க உடுப்பு ஆர்டர் வெட்டிட்டு இருந்தாங்க. மெசினை விட்டு எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனேன். கட்டிங் மேசைக்குக் கீழ வேஸ்ட் குவிஞ்சு கிடக்குது. மாம்பழக் கலரு, கிளிப்பச்சை, வெள்ளையில நீலக் கோடு, அப்பறம் நீ கட்டுவியே அந்த ரோஸ். தொட்டுப் பார்த்தா வெண்ணெய். மூட்டை கட்டி வேஸ்ட் குடோனுக்குப் போற துணி. எனக்கு அப்பத்தான் மண்டையில மணி அடிச்சுது. புதுத்துணிதான எடுக்கப்படாது? வேஸ்ட் எப்படிப் புதுத்துணி ஆகும்? கீழ விழுந்தது, மிதிச்சது, கூட்டித் தள்ளினது. அது பொறந்தப்பவே பழசு.

மேனேஜர் கிட்டக் கேட்டேன். "ஒரு பை என்ன, மூட்டையே தூக்கிட்டுப் போ"ன்னாரு. துண்டுகளை ஒட்டி ஒட்டி ஒரு போர்வை தைக்கப் போறேன் தாமரை. விரிச்சாப் படுக்கை, போத்துனாப் போர்வை. இதைப் படிக்கறப்போ உன்ற மடியில அது கிடக்கும். அதுல பாப்பா கிடக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில குழாய்த் தண்ணி வந்துச்சு. எல்லாக் குடத்தையும் ரொப்பி, அண்டாவையும் ரொப்பிட்டுத்தான் துண்டைப் பரப்பினேன். வீடு பூராக் கலரு. கால் வைக்க இடமில்ல.

உள்ளங்கை அளவு கட்டம் கட்டமா வெட்டினேன். அட்டையில ஒரு அச்சு வேணும்னு தேடினப்போ ஸ்லாப் மேல இருக்கற அட்டைப்பெட்டி கண்ணுல பட்டுது. அதைத் தொடல. பிஸ்கட் டப்பாவோட அட்டையைக் கிழிச்சுக்கிட்டேன்.

நாகரத்தினம் அக்கா ரசம் கொண்டாந்து குடுத்துட்டு நிலைப்படியில நின்னு பார்த்துச்சு. "என்ன சாமி, வெதை வெதைச்சிருக்கறயா?"ன்னுச்சு. வெசயத்தைச் சொன்னேன். அக்கா செக்கிங் செக்சன்ல இருபது வருசமாத் துணியை உத்து உத்துப் பார்த்த ஆளு. சீலையை இழுத்துச் சொருகிட்டு உக்காந்து, ஓட்டை இருக்கறது, எண்ணெய்க் கறை பட்டதையெல்லாம் பொறுக்கி ஒதுக்கிருச்சு. சம்பளமில்லாத வேலைக்கும் அதே கண்ணு.

ஜூலை 14, திங்கள்

சோறு அடிப்பிடிச்சுருச்சு. கட்டம் அடுக்கிட்டு இருந்தேன், மறந்துட்டேன். ரோசும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எவ்வளவு அழகா இருக்குது தெரியுமா?

ஜூலை 20, ஞாயிறு

உன்ற மெசின்ல தச்சேன். ஜாக்கெட் தைக்கற மெசினுக்குப் பனியன் துணி புடிக்கல, பல்லைக் காட்டிக்கிட்டே இருந்துச்சு. ஊசியை மாத்தி, பாதத்தைத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, கெஞ்சி, ஒரு வழியா ஓட வச்சேன். மெசின் மேல கோபமில்ல, அது உன்ற கைக்குப் பழகினது.

ஜூலை 22, செவ்வாய்

சொன்னாச் சிரிப்பே. சிரி.

எல்லாக் கட்டத்தையும் சேர்த்துட்டேன். அடியில என்ற பழைய வேட்டியை ரெண்டா மடிச்சு வச்சு, ஓரம் அடிச்சு, தரையில விரிச்சேன். படுக்க மாட்டேங்குது. அங்கங்க உப்பிக்கிட்டு நிக்குது, அங்கங்க குழி விழுது. கையால அமுக்குனா இந்தப் பக்கம் அமுங்கி அந்தப் பக்கம் எந்திரிக்குது. அக்கா வந்து பார்த்துட்டு, "இது போர்வையா, பணியாரக்கல்லா?"ன்னுச்சு.

என்ன தப்புன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பனியன் துணி அகலத்துல இழுத்தா வரும், நீளத்துல வராது. எந்தப் பக்கம் இழுவைன்னு பார்த்துத் தைக்கோணும். கம்பெனியில சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. நான் கலரை மட்டும் பார்த்து, ஒண்ணை நெட்டுக்கு, ஒண்ணைக் குறுக்குக்குன்னு இஷ்டத்துக்கு ஒட்டியிருக்கேன். பத்து வருசம் ஓவர்லாக் ஓட்டினவன் பண்ற வேலையா இது? வெளிய சொல்லிராத.

பிரிச்சுத் தைக்கலாமான்னு பார்த்தேன். மனசு வரல. பணியாரக்கல்லாவே இருந்துட்டுப் போகட்டும். பாப்பாவுக்கு மேடு பள்ளம் புடிக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

போட்டோ அனுப்பினேன். நீ உடனே கூப்பிட்டு, "மாமா, ரோஸ் என்ற சீலைக் கலருங்க"ன்னு சொன்னே பாரு, அதுக்கே எல்லாம் சரியாப் போச்சு. பொறவு போன் அத்தை கைக்குப் போச்சு.

"மாப்ள, இது எந்தத் துணிங்க?"

"வேஸ்ட்டுங்க அத்தை. கீழ விழுந்தது."

"யாராச்சும் உடுத்துன துணியா?"

"இல்லைங்க."

"ஒரு தடவை கூட யார் மேலயும் படல?"

"அடியில இருக்கறது என்ற பழைய வேட்டிங்க."

"அது அடியில கிடக்குது. குழந்தை மேலதான படுக்கும்? ஒடம்புல படாத வரைக்கும் அது புதுசுதானுங்க மாப்ள. துண்டா இருந்தா என்ன, முழுத்துணியா இருந்தா என்ன? வேண்டாமுங்க. அதை மடிச்சு வச்சுருங்க."

கோபமாச் சொல்லல. கெஞ்சற மாதிரிச் சொன்னாங்க. அதுதான் என்னால தாங்க முடியல. எதுத்துப் பேசியிருந்தா நானும் நாலு பேசியிருப்பேன். மடிச்சு வச்சுட்டேன். சாயங்காலம் எங்கயும் போகல.

ஜூலை 28, திங்கள்

தாமரை, வழி கிடைச்சிருச்சு. நாகரத்தினம் அக்காவுக்குக் கோயில் கட்டோணும்.

வேலை முடிஞ்சு வந்து சொல்லிப் புலம்புனேன். அக்கா வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே கேட்டுச்சு. "ஒடம்புல படாத வரைக்கும் புதுசுன்னுதான சொன்னாங்க?"

"ஆமாங்க்கா."

"அப்பப் பட்டாப் பழசு."

அவ்வளவுதான். பாயை இழுத்துப் போட்டு, என்ற போர்வையை அது மேல விரிச்சு, நீட்டிப் படுத்துருச்சு. "பாப்பாவுக்கு இன்னும் நாள் கிடக்குது. அதுக்குள்ள இதைப் பழசாக்கிட்டாப் போச்சு. யாரு யாரு படுக்கறதுன்னு நீ முடிவு பண்ணிக்க"ன்னு கண்ணை மூடிக்கிச்சு. நான் அங்கயே உக்காந்து சிரிச்சேன். ரொம்ப நாளுக்கப்பறம் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

படுத்துக்கிட்டே மேல பார்த்துட்டு, "அந்தப் பெட்டியில என்ன சாமி?"ன்னு கேட்டுச்சு. பழைய பேப்பர்னு சொல்லிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

காம்பவுண்டு பூராவும் பழசாக்கற வேலை மும்முரமா நடக்குது. அக்கா மத்தியானத் தூக்கத்தை அதுலதான் தூங்குது. எதுத்த வீட்டு டிரைவர் அண்ணன் லோடு இறக்கிட்டு வந்து குப்புறப் படுத்து, வாயில எச்சில் ஒழுகத் தூங்கிட்டாரு. எந்திரிச்சு, "மன்னிச்சுக்க பூபதி"ன்னாரு. மன்னிக்கறதாவது, இன்னொரு தடவை தூங்குங்கண்ணான்னு சொன்னேன். வீட்டுக்காரம்மா பூனை கூட வந்து ஒரு ஓரத்துல சுருண்டுக்குச்சு. விரட்டல. அதுவும் ஒடம்புதான.

நான் தினமும் துவைச்சுக் காயப் போடறேன். படுக்கறது, துவைக்கறது, படுக்கறது, துவைக்கறது.

ஆகஸ்டு 1, வெள்ளி

ஒரு வினை வந்துச்சு. துவைக்கத் துவைக்க அடியில இருக்கற வேட்டி தனியா, மேல இருக்கற துண்டு தனியாச் சுருண்டுக்குது. பிழிஞ்சா உள்ள உருண்டை கட்டுது.

கடைசி ரூம்ல இருக்கற பிகாஷ் இன்னிக்குப் படுக்க வந்தான். என்ற பக்கத்து மெசின்ல வேலை பார்க்கறவன், ஒடிசாக்காரன், உனக்குத் தெரியும். போர்வையைத் தூக்கிப் பார்த்தவன் மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு. "அண்ணா, இது கந்தா. எங்க ஊர்ல பாப்பா வந்தா அம்மா கந்தா தைப்பாங்க. பழைய புடவை, பழைய புடவை, மேல மேல."

"என்னடா சொன்னே? கந்தையா?"

"கந்தா."

"கந்தைடா. நாங்க கிழிசலைச் சொல்றது."

"கிழிசல்தான் அண்ணா கந்தா." சொல்லிட்டு அவனே சிரிக்கறான். எங்கயோ கிடக்கற ஊரு, பாசை தெரியாம வந்தவன், ஒரு கிழிஞ்ச துணிக்கு ரெண்டு பேரும் ஒரே பேரை வச்சிருக்கோம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அவங்க ஊர்லயும் குழந்தைக்குப் பழசுதான் வேணுமாம். அத்தை கிட்டச் சொன்னா எவ்வளவு சந்தோசப்படுவாங்க.

மெசின்ல தச்சா நிக்காது, கையில நூல் ஓட்டோணும்னு சொன்னான். ஊசி நூலை வாங்கி, ஒரு ஓரத்துல இருந்து உள்ளயும் வெளியவும் சின்னச் சின்னதா ஓட்டிக் காட்டினான். வேட்டியும் துண்டும் கோத்துக்கிச்சு. "ஒவ்வொரு கட்டத்துலயும் இது வேணும் அண்ணா." ஒவ்வொரு கட்டத்துலயுமா? போர்வையைப் பார்த்தேன். சரி, ஆகட்டும்னேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப் பெருக்குக்கு உன்னைப் பார்க்க வந்ததைத்தான் எழுதோணுமா? நீயே பார்த்தயே. முகம் உப்பியிருக்கு, கால் வீங்கியிருக்கு, ஆனா என்ன அழகு. கையை எடுத்து வயித்துல வச்சே. உதைச்சுது. நான் வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டேன், நீ கிண்டல் பண்ணினே.

அத்தை எனக்குக் கோழிக்குழம்பு வச்சாங்க. போர்வையைப் பத்தி நானும் பேசல, அவங்களும் கேட்கல. வீட்டுல ஒரு தொட்டில் கயிறு கூட எடுத்து வைக்கல. அதைக் கவனிச்சேன்.

ஆகஸ்டு 8, வெள்ளி

இன்னிக்கு எழுத ஒண்ணுமில்ல. பாத்திரம் கழுவினேன். நாலு கட்டத்துக்கு நூல் ஓட்டினேன்.

ஆகஸ்டு 9, சனி

நேத்து எழுதாததை இன்னிக்கு எழுதறேன். உன்னைப் பயமுறுத்தற எதையும் இதுல எழுதக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா எல்லாத்தையும் எழுதச் சொன்னவ நீதான.

காலையில இருந்து அசைவு தெரியலைன்னு அத்தை போன் பண்ணினாங்க. ஸ்கேனுக்குப் போறோம், பார்த்துட்டுச் சொல்றோம்னாங்க. போன தடவை எட்டாம் மாசத்துல இதே வார்த்தைதான் போன்ல வந்துச்சு. அப்ப நான் கார் புடிச்சு வந்தேன், வந்து என்ன பண்ண முடிஞ்சுது, வெறுங்கையோடதான திரும்பினோம்? நேத்து எந்திரிக்கவே முடியல. லீவு சொல்லிட்டு, போர்வையை மடியில போட்டு நூல் ஓட்டினேன். உள்ள, வெளிய, உள்ள, வெளிய. ஊசி விரல்ல குத்திக் குத்தி, மாம்பழக் கலர்ல ஒரு பொட்டு ரத்தம். நான் எழுதினது பொய் தாமரை. பயமெல்லாம் ஒண்ணுமில்லைன்னு எழுதினேனே, அது. ரொம்பப் பயந்தேன்.

மத்தியானம் நீயே கூப்பிட்டே. "தூங்கிட்டு இருந்துச்சாம் மாமா. டாக்டரம்மா தட்டி எழுப்பிட்டாங்க. உங்களை மாதிரியே தூங்குமூஞ்சி." நான் சரி சரின்னு வச்சுட்டு, போர்வையில மூஞ்சியைப் புதைச்சுட்டு அழுதேன். அதுவும் ஒடம்புல பட்ட கணக்குத்தான்.

ஆகஸ்டு 15, வெள்ளி

லீவு. நூல் ஓட்டி முடிச்சாச்சு. கடைசிக் கட்டத்தைப் பிகாஷ் ஓட்டினான், நானும் ஓட்டினேன், அக்காவும் ரெண்டு குத்து குத்துச்சு.

இப்ப அதிசயத்தைக் கேளு. தரையில விரிச்சோம். படுத்துக்கிச்சு. ஒரு மேடு இல்ல, ஒரு குழி இல்ல. ஆளுங்க படுத்துப் படுத்து, துவைச்சுத் துவைச்சு, நெட்டும் குறுக்கும் ஒண்ணோட ஒண்ணு சமாதானம் ஆயிருச்சு. பணியாரக்கல் தோசைக்கல் ஆயிருச்சுன்னு அக்கா சொல்லுச்சு. எல்லாரும் கை தட்டினோம். டிரைவர் அண்ணன் கொடியேத்தத்துக்குக் குடுத்த மிட்டாயைக் கொண்டாந்து பங்கு போட்டாரு.

வெந்நீர்ல அலசி, வெயில்ல காயப் போட்டு, ஒயர் கூடையில மடிச்சு வச்சிருக்கேன். அத்தை வேண்டாம்னா வேண்டாம். ஆனா தயாரா இருக்கும்.

ஆகஸ்டு 19, செவ்வாய்

பஸ்ல எழுதறேன், எழுத்து ஆடுது. தாராபுரத்துல ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களாம். கூடை மடியில இருக்குது. டிரைவர் ஏன் இத்தனை மெதுவாப் போறாரு?

ஆகஸ்டு 20, புதன்

தாமரை, நீ உள்ள இருந்ததால இது உனக்குத் தெரியாது. அதனால ஒண்ணு விடாம எழுதறேன்.

நான் போறப்போ அத்தை பெஞ்சுல தனியா உக்காந்திருந்தாங்க. காலுக்குக் கீழ ஒரு பை. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சாங்க, திரும்ப உக்காந்துட்டாங்க. நானும் பக்கத்துல உக்காந்தேன். கூடையைப் பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டேன்.

கதவு திறந்துச்சு. நர்சம்மா வந்து, "தாமரைச்செல்விக்கு யாருங்க? பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. குழந்தையைச் சுத்தறதுக்குப் பழைய துணி குடுங்க"ன்னாங்க.

அத்தை பையைத் திறந்தாங்க. பிளாஸ்க்கு, தட்டு, உன்ற நைட்டி, சீப்பு. திருப்பித் திருப்பித் துழாவறாங்க. துணியே இல்ல. நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. "போன தடவை எல்லாத்தையும் எடுத்து வச்சேனுங்க மாப்ள. என்ற மெத்துன்னு இருக்கற சீலையையெல்லாம் கிழிச்சுத் துவைச்சு அடுக்கி வச்சேன். இந்தத் தடவை எடுத்து வைக்கக் கை வரல"ன்னாங்க. சொல்லிட்டு, கட்டியிருந்த சீலை முந்தானையைக் கிழிக்கப் போனாங்க.

நான் கூடையை இழுத்து மேல வச்சேன். "அத்தை, எங்க காம்பவுண்டே இதுல படுத்துருச்சுங்க"ன்னேன்.

அத்தை போர்வையை எடுத்தாங்க. ஒரு மூலையைக் கைக்குள்ள வச்சுக் கசக்கினாங்க. கன்னத்துல தேய்ச்சுப் பார்த்தாங்க. பொறவு மூக்குக்கிட்டக் கொண்டு போனாங்க.

"யாரு தேங்காயெண்ணெய் வாசம் இது?"

"பக்கத்து வீட்டு அக்காவோடதுங்க. வெந்நீர்ல அலசியும் போகல."

"இந்தக் கறை?"

"என்ற விரல்ல ஊசி ஏறிருச்சுங்க."

நூல் ஓடின இடத்தையெல்லாம் தடவிக்கிட்டே இருந்தாங்க. நர்சம்மா, "அம்மா, சீக்கிரம் குடுங்க"ன்னாங்க. அத்தை கண்ணைத் துடைச்சுட்டு, போர்வையை அவங்க கையில வச்சாங்க.

"பழசுதான்"ன்னாங்க. "நல்லாப் பழசு. கொண்டுபோங்க சாமி."

கொஞ்ச நேரத்துல பாப்பாவை வெளிய கொண்டாந்து காட்டினாங்க. ரோசுக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவுல, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, என்ற தூக்கம் அப்படியே. அத்தை வாங்கின உடனே அது மேல ஈரம் பண்ணிருச்சு. அத்தை அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. நானும்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாளைக்கு மூலனூர்ல அத்தை வீட்டுல பாப்பாவுக்குத் தீட்டுக் கழிச்சுப் பேர் வைக்கறாங்க. நாகரத்தினம் அக்கா, பிகாஷ், டிரைவர் அண்ணன் எல்லாரும் என்கூட வராங்க. பழசாக்கினவங்க எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லி அத்தை உத்தரவு. பூனையை மட்டும் விட்டுட்டு வரோம்.

காலையில நீ போன்ல சொன்னதை எழுதி வைக்கறேன். "மாமா, ஸ்லாப் மேல இருக்கற பெட்டியை இறக்குங்க. நாளைக்குப் பாப்பாவுக்குப் புதுசு போடலாம்னு அம்மாவே சொல்லிட்டா. அதையும் அக்காவைப் போட்டுப் பழசாக்கச் சொல்லிராதீங்க, கை கூட நுழையாது."

ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். தூசியைத் துடைச்சுப் பிரிச்சேன். போன தடவை நான் தச்சு அடுக்கின குட்டிப் பனியன் எல்லாம் அப்படியே இருக்குது. மடிப்புக் கூடக் கலையல. ஒண்ணை எடுத்து என்ற கை மேல விரிச்சு வச்சுப் பார்த்தேன். இழுவையெல்லாம் சரியாத்தான் பார்த்துத் தச்சிருக்கேன்.

எல்லாம் புதுசுதான், தாமரை. கொண்டுட்டு வரேன்.